துப்பாக்கி இருந்த இடத்துக்கு முஷ்டி வந்தது: டிரினிட்டி படத்தின் வெற்றி, ஒரு நிகழ்வு ஆய்வு

1970 டிசம்பர் 22 அன்று இத்தாலியில் ஒரு கௌபாய் படம் வெளியானது. கதாநாயகன் அறிமுகமாகும்போது குதிரைமேல் இல்லை. குதிரைக்குப் பின்னால் இரண்டு கழிகளில் கட்டி இழுத்துவரப்படும் படுக்கையில் அசந்து தூங்குகிறான். வறண்ட நிலம் கடந்து, ஓடை கடந்து குதிரை அதன்போக்கில் நடக்கிறது. அவன் எழுந்திருக்கவில்லை. உடையெல்லாம் கந்தல், உடம்பெல்லாம் புழுதி. அந்தப் பகுதியிலேயே வேகமாகச் சுடக்கூடியவன் இவன்தான் என்பது நமக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

படத்தின் பெயர் 'லோ கியமாவானோ டிரினிட்டா'. அவனை டிரினிட்டி என்று அழைத்தார்கள் என்று பொருள். இயக்கியவர் என்ஸோ பார்போனி. திரையில் அவர் பெயர் ஈ. பி. குளூச்சர் என்று வரும். தயாரித்தவர் இத்தாலோ ட்ஸிங்கரெல்லி. டெரன்ஸ் ஹில் டிரினிட்டியாகவும், பட் ஸ்பென்சர் அவன் அண்ணன் பம்பீனோவாகவும் நடித்தார்கள். மறு ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. அதற்கு இத்தாலியில் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல் டிக்கெட்டுகள் விற்றன. ஜெர்மனியிலும் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. இத்தாலியத் திரையரங்க வரலாற்றில் மிக அதிகம் பேர் பார்த்த படங்களின் வரிசையில் அது இன்றும் இருக்கிறது.

இந்த வெற்றிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. ரத்தம் பார்த்துச் சலித்துப்போன மக்கள் சிரிக்க விரும்பினார்கள், படம் சிரிக்கவைத்தது. இது எனக்குப் போதவில்லை. சிரிப்புக் கௌபாய் படங்கள் அதற்கு முன்பே இத்தாலியில் ஏராளமாக வந்துவிட்டன. பிராங்கோ பிராங்கி, சிச்சோ இங்க்ராசியா என்ற சிசிலிய நகைச்சுவை இணை 1964-லேயே 'வெஸ்டர்ன்' எனப்படும் கௌபாய் பட உடை போட்டுக்கொண்டு நடித்தது. இத்தாலிய வெஸ்டர்ன்களின் பேர்பெற்ற இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் படங்களைக் கிண்டல் செய்து அவர்கள் நடித்த படங்களும் உண்டு. அவையும் ஓடின, காசும் பார்த்தன. ஆனால் எதுவும் கௌபாய் படத்தின் போக்கை மாற்றவில்லை. டிரினிட்டி மாற்றியது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராங்கோவும் சிச்சோவும் வெஸ்டர்னைக் கேலி செய்தார்கள். பார்போனி வெஸ்டர்னின் இலக்கணத்தை முழு மரியாதையோடு வைத்துக்கொண்டு, அதிலிருந்து சாவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுத்தார். சட்டகம், நிலம், மௌனம், எதிரெதிரே நிற்கும் மனிதர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தோட்டா இருந்த இடத்தில் முஷ்டி வந்து உட்கார்ந்தது. குத்து வாங்கியவன் எழுந்து நின்று மறுபடியும் வருவான். அவன் எழுந்து வருவதில்தான் இந்தப் படத்தின் நகைச்சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பார்போனி யார்?

தலைப்பில் டாலர் வரும் லியோனேயின் வெஸ்டர்ன்களில் முதலாவது 1964-இல் வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தாலி நூற்றுக்கணக்கான வெஸ்டர்ன்களைத் தயாரித்துத் தள்ளியது. ஒன்று ஓடினால் அதே பெயரில், அதே உடையில், அதே பழிவாங்கலில் இருபது படங்கள் வரும். நாயகனின் கையை நசுக்குவது, சவப்பெட்டிகளை அடுக்குவது என்று ஒவ்வொரு படமும் முந்தையதைவிடக் கொடூரமாக இருந்தாக வேண்டிய நிலை. அந்த ஓட்டத்தின் முக்கியப் படங்களில் ஒன்று செர்ஜியோ கோர்புச்சி 1966-இல் இயக்கிய 'ஜாங்கோ'. சேறு நிறைந்த தெருவில் சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் வருவான். அந்தச் சேற்றையும் அந்தச் சாம்பல் வெளிச்சத்தையும் படமாக்கிய ஒளிப்பதிவாளர் இதே என்ஸோ பார்போனிதான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிரினிட்டியை எடுத்தவர் நகைச்சுவை மேடையிலிருந்து வந்தவர் கிடையாது. வெஸ்டர்ன் எங்கே பயமுறுத்தும், எத்தனை நொடி காத்திருந்தால் பார்வையாளரின் வயிறு இறுகும் என்பதை கேமராவுக்குப் பின்னால் நின்று கற்றவர். இறுக்கத் தெரிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் அவிழ்க்க வேண்டும் என்பதும் தெரியும். இந்தக் கதையைப் பல தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. பேச்சு அதிகம், பிணம் குறைவு என்பது அவர்களின் குறையாம். ட்ஸிங்கரெல்லி துணிந்தார். 1973-இல் அவர் டஸ்கனியின் கியாந்தி பகுதியில் திராட்சைத் தோட்டம் வாங்கி ஒயின் நிறுவனம் தொடங்கினார். டிரினிட்டி படங்கள் அவருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இரண்டு உடல்கள்

டெரன்ஸ் ஹில்லின் இயற்பெயர் மாரியோ ஜிரோட்டி. 1939-இல் வெனிஸில் பிறந்தவர். தாய் ஜெர்மானியர் என்பதால் சிறுவயதில் சில ஆண்டுகள் டிரெஸ்டன் நகருக்கு அருகே வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் சினிமாவுக்கு வந்தார், இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்தியின் 'சிறுத்தை' படத்தில் சிறு வேடம் செய்தார், பிறகு ஜெர்மன் எழுத்தாளர் கார்ல் மேயின் கதைகளை வைத்து ஜெர்மானியர்கள் எடுத்த வெஸ்டர்ன்களில் நடித்தார். பட் ஸ்பென்சர் நேப்பிள்ஸில் 1929-இல் பிறந்த கார்லோ பெதெர்சோலி. நூறு மீட்டர் நீச்சலை ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் இத்தாலியர் அவர், அது 1950-இல். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். பட் என்பது அவர் குடித்த பட்வைசர் பீரிலிருந்தும், ஸ்பென்சர் என்பது அவர் விரும்பிய நடிகர் ஸ்பென்சர் டிரேசியிடமிருந்தும் வந்தவை.

இருவரும் இணையாக நடித்த முதல் படம் ஜுசெப்பே கொலிட்ஸி 1967-இல் இயக்கிய 'கடவுள் மன்னிப்பார், நான் மாட்டேன்'. ஹில்லின் வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் வேறொருவர். அவர் காலில் அடிபட்டதால் வாய்ப்பு ஹில்லுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு படங்களை கொலிட்ஸி எடுத்தார். மூன்றும் சுட்டுக்கொல்லும் படங்கள்தான். ஆனாலும் திரையில் ஒன்று தெரிந்தது. ஒல்லியான, நீலக்கண் கொண்ட, எதையும் அலட்சியமாகப் பார்க்கும் ஒருவன். பக்கத்தில் மலைபோல் ஒருவன், எப்போதும் எரிச்சலோடு. கொலிட்ஸி இந்த வேற்றுமையைக் கதைக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக வைத்திருந்தார். பார்போனி அதையே சாப்பாடாக்கினார்.

அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், இவர்களை அண்ணன் தம்பியாக்கியது. நண்பர்கள் என்றால் பிரிந்துவிடலாம். எதிரிகள் என்றால் ஒருவரையொருவர் கொன்றுவிடலாம். அண்ணன் தம்பிக்கு இரண்டும் முடியாது. பம்பீனோ குதிரை திருடன். தன்னைப் பின்தொடர்ந்து வந்த ஒருவனைச் சுட்டுவிடுகிறான். விழுந்தவன் அந்த ஊருக்கு வரவேண்டிய ஷெரீப் என்று தெரிந்ததும் நட்சத்திரப் பட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, கூட்டாளிகள் வரும்வரை ஊர்க்காவலராக உட்கார்ந்திருக்கிறான். ஒரு திருடன் தன் திருட்டு நடக்கும்வரை ஊரில் ஒழுங்கு நிலவ வேண்டும் என்று தவிக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து சேர்கிறான். தம்பி வந்தால் வம்பும் வரும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஸ்பென்சரின் முகத்தில் படம் நெடுகத் தெரியும் அந்தக் கசப்பு, குடும்பம் உள்ள யாருக்கும் புரியும்.

ஸ்பென்சரை இத்தாலியின் நடுப்பகுதியிலோ வடபகுதியிலோ பார்ப்பவர்களுக்கு அவருடைய நேப்பிள்ஸ் உச்சரிப்பு ஒட்டாது என்று கருதினார்கள் போலும். இத்தாலியப் பதிப்பில் அவருக்கு கிளௌக்கோ ஓனொராத்தோவும் ஹில்லுக்கு பீனோ லோக்கியும் குரல் கொடுத்தார்கள். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் குரல் பிறகுதான் சேர்க்கப்படும். அதனால் உடல் பேசியாக வேண்டும். முன்னாள் நீச்சல் வீரரின் தோள்களுக்கு அது நன்றாகவே பேச வந்தது.

அவரைக்காய் இல்லை, பீன்ஸ்

படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முதல் பத்து நிமிடத்தைக் காட்டுவேன். டிரினிட்டி வழியோர விடுதி ஒன்றுக்குள் நுழைகிறான். உள்ளே காசுக்காகக் குற்றவாளிகளைப் பிடிக்கும் இரண்டு பேர், அவர்களிடம் சிக்கிய ஒரு காயம்பட்ட மெக்சிகோக்காரன். விடுதிக்காரர் சமைத்து வைத்திருக்கும் பீன்ஸ் தட்டில் வருவதற்குள் டிரினிட்டி சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். பிறகு சாப்பிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் புரட்டி, வாய் நிறைய அள்ளி, சட்டியின் அடியை வழித்துத் துடைக்கும்வரை கேமரா அவசரப்படுவதில்லை. அந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்க்கிறார்கள். இந்தக் காட்சிக்காக ஒரு நாளுக்கும் மேல் பட்டினி கிடந்ததாக ஹில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்த்தால் நம்பத் தோன்றுகிறது; அந்தப் பசி நடிப்பில் வருவது கடினம்.

லியோனேயின் படமாக இருந்தால் இந்த நேரம் முழுவதும் மூன்று ஜோடிக் கண்களுக்குப் போயிருக்கும். பார்போனி அதே கால அளவை எடுத்து ஒரு சட்டி பீன்ஸுக்குக் கொடுத்தார். இறுக்கத்தின் நீளம் மாறவில்லை, உள்ளே இருக்கும் பொருள்தான் மாறியது. இப்படிப் பசித்துத் திரியும் நாயகன் இத்தாலிக்குப் புதியவனும் அல்ல. கொம்மேதியா எனப்படும் பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகங்களின் வேலைக்காரன் அர்லெக்கினோ எப்போதும் பசியோடுதான் மேடைக்கு வருவான். சோம்பேறி, தந்திரக்காரன், சோற்றைக் கண்டால் உலகையே மறப்பவன். அமெரிக்கக் கௌபாயின் தொப்பிக்குக் கீழே பார்போனி வைத்தது இந்த இத்தாலிய முகத்தைத்தான் என்று நினைக்கிறேன். போர்க்காலப் பசியை நேரில் அறிந்த தலைமுறை 1970-இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தது. ஒரு மனிதன் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு இருந்த மகிழ்ச்சி சிறியதாக இருக்க முடியாது.

சாப்பிட்டு முடித்து, காயம்பட்டவனையும் கூட்டிக்கொண்டு டிரினிட்டி வெளியேறுகிறான். இரண்டு பேரும் அவன் முதுகைக் குறிபார்க்கிறார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கமாகச் சுட்டு இருவரையும் சாய்க்கிறான். அடுத்து ஊருக்குள் பம்பீனோ அறிமுகமாகும் காட்சியிலும் தெருவில் எதிர்த்து நின்றவர்கள் தோட்டாவுக்கு விழுகிறார்கள். ஆக, முதல் கால்பகுதியில் படம் சாகடிக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பார்போனி நேரடியாகச் சிரிப்புக்குத் தாவவில்லை. இவர்கள் கொல்லத் தெரிந்தவர்கள் என்று முதலில் நிறுவுகிறார். அதற்குப் பிறகு அவர்கள் துப்பாக்கியை எடுக்காமல் அறைந்தால், அது இயலாமையாகத் தெரியாது, விருப்பமாகத் தெரியும்.

பள்ளத்தாக்குச் சண்டை

கதை வெஸ்டர்னின் பழைய கதைதான். மேஜர் ஹாரிமன் என்ற குதிரைப் பண்ணை முதலாளிக்குப் பள்ளத்தாக்கின் புல்வெளி வேண்டும். அங்கே மோர்மன் என்ற அமெரிக்க மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன. மத நம்பிக்கை காரணமாக ஆயுதம் தொடமாட்டார்கள். ஹாரிமனாக நடித்தவர் ஹிட்ச்காக்கின் படங்களில் நடித்த அமெரிக்கர் பார்லி கிரேஞ்சர். மோர்மன் பெண்கள் இருவரிடம் டிரினிட்டி மனதைப் பறிகொடுக்கிறான். பம்பீனோவின் கண் மேஜரின், உரிமையாளர் அடையாளச் சூடு இன்னும் போடாத குதிரைகள்மேல் இருக்கிறது. இருவரும் ஆளுக்கொரு காரணத்தோடு பள்ளத்தாக்கைக் காக்க நிற்கிறார்கள்.

ஆயுதம் தொடாதவர்களுக்குச் சண்டை கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? முஷ்டியைத்தான் கற்றுக்கொடுக்க முடியும். கதைக்குள் இருக்கும் இந்த நிர்ப்பந்தம்தான் படத்தின் சண்டை முறையையே தீர்மானிக்கிறது. பாதிரிபோல் வாழும் விவசாயிகளை பம்பீனோவும் அவன் கூட்டாளிகளும் வரிசையில் நிறுத்தி அடிக்கப் பழக்குகிறார்கள். கடைசியில் மோர்மன் தலைவர் தோபியாஸ் வேதத்தைப் புரட்டி, சண்டைக்கும் ஒரு காலம் உண்டு என்று பொருள்படும் வாசகத்தைக் கண்டுபிடிக்கிறார். அவர் முகத்தில் தெரியும் நிம்மதி எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த கணங்களில் ஒன்று. அதன்பிறகு துப்பாக்கிகள் ஒதுக்கப்பட்டு, பெரும் அடிதடி தொடங்குகிறது.

இந்தச் சண்டையின் வேலைப்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சண்டைப் பயிற்சியாளர் ஜோர்ஜோ உபால்தி. ஸ்பென்சர் அதிகம் நகர்வதில்லை. ஆட்கள் அவரிடம் வருகிறார்கள். மூடிய முஷ்டி சுத்தியலைப்போல மேலிருந்து உச்சந்தலையில் இறங்குகிறது. அடி வாங்கியவன் உடனே விழுவதில்லை; ஒரு நொடி நிற்கிறான், கண் சொருகுகிறது, பிறகுதான் சரிகிறான். சிரிப்பு அந்த ஒரு நொடியில் பிறக்கிறது. ஹில் நேர்மாறாக ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்கிறார், அடி வாங்கினால் ஆச்சரியப்படுகிறார். அடிக்கு ஒலி சேர்த்தவர்கள் உண்மையான குத்தின் மந்தமான சத்தத்தை விட்டுவிட்டு, சவுக்கடி போல வெடிக்கும் ஒலியை வைத்தார்கள். கண் மூடிக் கேட்டால்கூட யார் அடித்தார் என்று சொல்லிவிடலாம். விழுபவர்களின் பங்கும் குறைவில்லை. அந்தச் சண்டைக் கலைஞர்களில் பலர் பிறகு இந்த இணையின் படங்களில் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கினார்கள். எங்கே நின்றால், எவ்வளவு தாமதித்து விழுந்தால் ஸ்பென்சரின் கை கனமாகத் தெரியும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் போதிய பெயர் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நிலமும் இதற்கு உதவியது. பல இத்தாலிய வெஸ்டர்ன்கள் ஸ்பெயினின் அல்மேரியாவில், வெயிலில் வெந்த பாறைகளுக்கு நடுவே எடுக்கப்பட்டன. டிரினிட்டி இத்தாலியிலேயே, ரோமிலிருந்து எட்டும் தூரத்தில் படமானது. மோர்மன்களின் பள்ளத்தாக்கு, சிம்புருயினி மலைகளில் உள்ள கம்போசெக்கோ சமவெளி. டிரினிட்டி இரண்டு பெண்களையும் நீரோடையில் சந்திக்கும் இடம், மட்ஸானோ ரொமானோ அருகே உள்ள மோன்தே ஜெலாத்தோ அருவி. செலவு குறைந்தது ஒரு பக்கம். பச்சைப் புல்லில் ஒருவன் விழுந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம் கண் நம்புகிறது என்பது இன்னொரு பக்கம். அல்மேரியாவின் பாறையில் இதே சண்டையை எடுத்திருந்தால் எலும்பு முறியும் பயம் வந்திருக்கும்.

இசையையும் இதே கணக்கில் பார்க்கலாம். பிராங்கோ மிகலிட்ஸியின் தலைப்புப் பாடலை அன்னிபாலே பாடினார். கேட்கிற விசில் அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனியுடையது. லியோனே படங்களில் இசையமைப்பாளர் மோரிக்கோனேயின் இசைக்காகச் சாவின் அறிகுறியாக ஒலித்த அதே விசில்காரர், இங்கே சோம்பலாக, நடைப்பயணத்துக்குப் போகிறவன்போல ஊதுகிறார். 2012-இல் அமெரிக்க இயக்குநர் டாரன்டினோ தன் 'ஜாங்கோ அன்செயின்ட்' படத்தின் முடிவில் இந்தப் பாடலை அப்படியே எடுத்து வைத்தார்.

வெளியே நடந்தது

படம் வந்த காலத்தையும் பதிவுசெய்ய வேண்டும். 1969 டிசம்பர் 12-ஆம் தேதி மிலானில் பியாட்ஸா ஃபோன்தானாவில் வங்கி ஒன்றில் குண்டு வெடித்து மக்கள் இறந்தார்கள். அந்த இலையுதிர்காலம் முழுவதும் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம். தெருவில் உண்மையான ரத்தம் சிந்தத் தொடங்கிய ஓராண்டுக்குப் பிறகு, யாருக்கும் ரத்தம் வராத சண்டையோடு ஒரு படம் வருகிறது. இரண்டையும் நேராக முடிச்சுப் போட முடியாது. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பா பிள்ளைகளோடு கொட்டகைக்குப் போக முடிந்த வெஸ்டர்ன் இதுதான். முன்பு வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது. வசூலின் அளவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காரணம் மற்ற எல்லாவற்றையும்விட உதவும்.

குறைகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மெஸ்கால் என்ற மெக்சிகோக் கொள்ளைக்காரன், குடித்துவிட்டுக் கத்தும் வழக்கமான வார்ப்பு. அவனுக்கென்று ஒரு மனம் படத்தில் இல்லை. மோர்மன் பெண்கள் சாராவும் ஜூடித்தும் அழகாக நிற்பதற்கும், இரண்டு பேரையும் மணக்கலாம் என்ற நகைச்சுவைக்கும் மட்டுமே பயன்படுகிறார்கள். நடுப்பகுதி சற்றே இழுக்கிறது. ஆனால் முடிவு சரியாக அமைந்திருக்கிறது. பம்பீனோ கஷ்டப்பட்டுக் குறிவைத்த குதிரைகளைத் தம்பி மோர்மன்களுக்கே கொடுத்துவிடுகிறான். அண்ணன் கோபத்தோடு கிளம்பிப் போகிறான். திருமணம் செய்துகொண்டு தங்கலாம் என்றிருந்த டிரினிட்டி, இங்கே விடிந்தது முதல் வயலில் உழைக்க வேண்டும் என்று கேட்டதும் மீண்டும் படுக்கையில் சாய்ந்து அண்ணன் போன திசையில் குதிரையை விடுகிறான்.

பின்விளைவு

இரண்டாம் பாகத்தில் பார்போனி இதே திசையில் இன்னும் போனார். அதில் ஒரு மதுக்கடைக் காட்சியில் ஒருவன் துப்பாக்கியை உருவுமுன் டிரினிட்டி அவன் கன்னத்தில் அறைந்து, தன் துப்பாக்கியை உருவிக் காட்டி, மீண்டும் உறையில் போடுகிறான். மறுபடியும், மறுபடியும். வெஸ்டர்னின் புனிதமான நேருக்குநேர் மோதல் அந்தக் காட்சியில் ஓர் அறையாகச் சுருங்கிவிட்டது. முதல் படத்தில் மீதமிருந்த சாவும் இங்கே காணாமல் போகிறது.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் இத்தாலியத் தயாரிப்பாளர்கள் இதையே நகலெடுத்தார்கள். ஒல்லி ஒருவன், குண்டன் ஒருவன், பீன்ஸ் ஒரு சட்டி, கடைசியில் கூட்டு அடிதடி. 'பீன்ஸ் வெஸ்டர்ன்' என்றே ஒரு பெயர் விழுந்தது. லியோனேயே 1973-இல் ஹில்லை ஹென்றி போண்டாவுக்கு எதிரே நிறுத்தி 'என் பெயர் யாருமில்லை' படத்தைத் தயாரித்தார்; இயக்கியவர் தோனினோ வலேரி. பழைய வெஸ்டர்ன் வீரன் ஓய்வுபெறும் கதை அது. டிரினிட்டிதான் 'ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்' எனப்படும் இத்தாலிய வெஸ்டர்னைக் கொன்றது என்று சிலர் குற்றம் சாட்டுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழிவாங்கும் கதைகள் அதற்கு முன்பே தங்களைத் தாங்களே தின்று தீர்த்திருந்தன. டிரினிட்டி அந்தத் தொழிலுக்குச் சில ஆண்டுகள் கூடுதல் ஆயுள் கொடுத்தது. நகல்கள் தோற்றதற்கும் காரணம் தெளிவாகவே தெரிகிறது. அவர்கள் முதல் காட்சியிலேயே கோமாளித்தனத்தைத் தொடங்கினார்கள். கொல்லத் தெரிந்தவன் கொல்லாமல் விடுகிறான் என்ற அடித்தளம் அவற்றில் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சோதனையும் நடந்தது. இந்த இணை புகழ் பெற்ற பிறகு, கொலிட்ஸியின் பழைய, இருண்ட மூன்றாம் படத்தை ஜெர்மானிய விநியோகஸ்தர்கள் வெட்டி, நகைச்சுவை வசனங்களோடு புதிதாக டப்பிங் செய்து வெளியிட்டார்கள். வாய் நிறைய நையாண்டி பேசினாலும் படத்தில் மனிதர்கள் சுடப்பட்டு விழுகிறார்கள், விழுந்தவர்கள் எழுவதில்லை. அதே இரண்டு நடிகர்கள்தான், ஆனால் வசனம் எவ்வளவு மாறியும் சிரிப்பு வரவில்லை.